ஜிங்க் சல்பேட்டா, பேதி உப்பா? தம்ளர் தண்ணீரில் தெரிந்துகொள்ளலாம்

நான் விரிவாக்கப் பணிக்கு வந்த புதிதில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவு முடிந்து மூன்றாவது வாரம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் நெல் தூர் நாலைந்தை வேரோடு பிடுங்கி, வாழைப்பட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அடி இலைகளில் துரு பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி. இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்துக் கிடந்தது. வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கிறது என்றார். பார்த்தவுடனே தெரிகிற விஷயம்தான், துத்தநாகச் சத்துக் குறைவு. வடக்கே இதைக் 'கைரா' நோய் என்பார்கள். அது நோயே இல்லை, துத்தநாகம் போதாத குறைதான் என்று 1966ல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார்.

"ஜிங்க் சல்பேட் போடவில்லையா?" என்று கேட்டேன். "போட்டேனே தம்பி, ஏக்கருக்குப் பத்து கிலோ, மணல்ல கலந்து, நடவுக்கு முன்னாடியே தூவிட்டேன்" என்றார். சரியாகப் பரவியிருக்காது, இன்னொரு தடவை போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் அதே கடையில் அதே பையை வாங்கிப் போட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். இந்தத் தடவை பயிரைக் கொண்டுவரவில்லை, மிச்சம் இருந்த உரத்தைப் பையோடு கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "பயிரைப் பார்த்தது போதும், இதைப் பாருங்க தம்பி" என்றார்.

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பையைத்தான். அன்றைக்குத்தான் இரண்டு தம்ளரை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். பைக்குள் இருந்ததில் துத்தநாகம் பேருக்குக்கூட இல்லை. அத்தனையும் மக்னீசியம் சல்பேட், அதாவது பேதி உப்பு. மூன்று வாரப் பயிருக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மக்னீசியம் ஒன்றும் விஷம் கிடையாது. அதுவும் பயிருக்கு வேண்டிய சத்துதான், பச்சையத்துக்குள்ளேயே அது இருக்கிறது. ஆனால் பசிக்குச் சோறு கேட்டவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தது மாதிரி ஆகிவிடுகிறது. ஜிங்க் விலை கொடுத்துப் பேதி உப்பு வாங்கினோம் என்ற நஷ்டம் ஒரு பக்கம். உரம் போட்டாச்சு என்ற நம்பிக்கையில் காலத்தை விட்டோம் பாருங்க, அதுதான் பெரிய நஷ்டம்.

இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இரண்டும் வெள்ளைப் படிகம். இரண்டும் தண்ணீரில் சட்டென்று கரையும். கரைந்த தண்ணீர் இரண்டிலும் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஜிங்க் சல்பேட் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும்.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு சின்ன விஷயம் புரிந்தால் போதும். உப்பு எதுவானாலும் தண்ணீரில் கரையும்போது இரண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட இரண்டு மாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு நேர் மின்சாரம், இன்னொரு துண்டுக்கு எதிர் மின்சாரம். நேர் மின்சாரம் உள்ள துண்டை நேர்மின் அயனி என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். துத்தநாகம், மக்னீசியம், செம்பு, இரும்பு, சுண்ணாம்பில் உள்ள கால்சியம் இவையெல்லாம் இந்தப் பக்கத்து மாடுகள். ஜிங்க் சல்பேட்டுக்கும் பேதி உப்புக்கும் எதிர்ப்பக்கத்து மாடு ஒன்றேதான், சல்பேட். ஆகவே சல்பேட் இருக்கிறதா என்று சோதிப்பதில் பிரயோசனமில்லை, இரண்டிலும் இருக்கும் என்றே வரும். நேர்மின் அயனி எது என்று பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு அயனிக்கும் ஒவ்வொரு குணம். ஒன்றோடு சேர்ந்தால் தயிராகத் திரியும், இன்னொன்றோடு சேர்ந்தால் நிறம் மாறும், மற்றொன்றோடு சேர்ந்தால் வாடை வரும். அந்தக் குணத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம்.

முதல் சோதனைக்கு வேண்டிய சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு கண்ணாடித் தம்ளர், கொஞ்சம் டி.ஏ.பி. உரம், நல்ல தண்ணீர். தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் ஏற்கெனவே கால்சியம் எல்லாம் கரைந்திருக்கும், அதுவே கலங்கல் கொடுத்து நம்மை ஏமாற்றிவிடும். சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத் தண்ணீர் நல்லது. அது இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தம்ளரில் அரைத் தம்ளர் தண்ணீர், அதாவது 100 மில்லி, அதில் ஒரு சிறு ஸ்பூன் டி.ஏ.பி.யைப் பொடி பண்ணிப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கரையாத மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தம்ளரில் அதே 100 மில்லி தண்ணீரில் ஒரு சிறு ஸ்பூன் ஜிங்க் சல்பேட். இது உடனே கரையும். அளவை இன்னொரு தடவை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 100 மில்லிக்கு ஒரு சிறு ஸ்பூன், இரண்டிலும் அதே அளவு.

இப்போது டி.ஏ.பி. தெளிவை எடுத்து ஜிங்க் தண்ணீரில் ஊற்றுங்கள். நிஜமான ஜிங்க் சல்பேட் என்றால் ஊற்றிய கையோடு வெள்ளையாகக் கட்டிகட்டியாகத் திரளும், பால் திரிந்த மாதிரி. அது துத்தநாகமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத பொருளாக மாறியதுதான். வெறும் பேதி உப்பு என்றால் அப்படிக் கெட்டியாகத் திரளாது. ரொம்ப நேரம் வைத்திருந்தால் தம்ளர் ஓரத்தில் பொடிப்பொடியாகப் படிகம் ஒட்டலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நாம் பார்க்க வேண்டியது ஊற்றியவுடன் வருகிற தயிர்க்கட்டி மாதிரியான திரளைத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்திருக்குமே. ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு, சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து தூவாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, ஏன்? தம்ளரில் திரண்டதேதான் கூடைக்குள்ளும் ஈர மண்ணிலும் நடக்கும். துத்தநாகம் வேருக்கு எட்டாமல் போகும். ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்கை இருபது கிலோ உலர்ந்த மணலோடு கலந்து தனியாகத் தூவச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்த முதல் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. பாதி ஜிங்க், பாதி பேதி உப்பு என்று கலந்து வைத்திருந்தால் அப்போதும் திரளத்தான் செய்யும். முழுத் திருடனைப் பிடிக்கும், பாதித் திருடனை விட்டுவிடும். அதற்குத்தான் இரண்டாவது சோதனை. இதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். சோப்புத் தயாரிக்கச் சாமான் விற்கிற கடையில் செதில் செதிலாகக் கிடைக்கும்.

காஸ்டிக் சோடா என்றவுடனே நான் கொஞ்சம் பயமுறுத்தியாக வேண்டும். தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கையால் அள்ளாதீர்கள். தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, அதைத் தின்றுவிடும். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. பள்ளிக்கூடத்தில் உப்பு சோதனை செய்து பழகிய பெரிய பிள்ளை வீட்டில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்காகப் படித்தது இங்கே பிரயோசனப்படட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வது நல்லது.

நாலைந்து செதிலை 50 மில்லி தண்ணீரில் போட்டால் இளங்கரைசல். ஒரு சிறு ஸ்பூன் நிறையச் செதிலை 25 மில்லி தண்ணீரில் போட்டால் கெட்டிக் கரைசல். இரண்டையும் ஆற வையுங்கள். ஜிங்க் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, அதில் இளங்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோற்றுக் கஞ்சி மாதிரி வெள்ளையாகக் கலங்கி வரும். ஜிங்கிலும் வரும், பேதி உப்பிலும் வரும். இதோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. இப்போது கெட்டிக் கரைசலை இரண்டு ஸ்பூன் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். துத்தநாகமாக இருந்தால் அந்த வெள்ளைக் கலங்கல் மறுபடி கரைந்து தண்ணீர் பழையபடி தெளிந்துவிடும். மக்னீசியமாக இருந்தால் எவ்வளவு விட்டாலும் கரையாது, அப்படியே நிற்கும். இரண்டும் கலந்த சரக்கு என்றால் கலங்கல் கொஞ்சம் கரையும், மிச்சம் கரையாமல் அடியில் தங்கும். இந்த மிச்சம்தான் கலப்படக்காரனைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி.

கெமிஸ்ட்ரிக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். துத்தநாகம் இருபக்கமும் ஒட்டுகிற ஆள், அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். மக்னீசியத்துக்குக் காரம் ஆகாது. திறந்து கிடந்த பழைய காஸ்டிக் சோடாவை மட்டும் உபயோகிக்காதீர்கள். காற்றுப் பட்டு அது சலவைச் சோடாவாக மாறியிருக்கும், சோதனை தப்பாகப் போகும்.

டி.ஏ.பி.யைப் பற்றிப் பேசினோமே, அந்த டி.ஏ.பி.யே நிஜமா என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். நியாயமான கேள்வி. குருணை சூப்பர் பாஸ்பேட்டை டி.ஏ.பி. என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. இதற்கு வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு போதும். குருணை பத்துப் பன்னிரண்டை ஒரு கல்லில் நசுக்கி, சுண்ணாம்பு சேர்த்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் புகையிலை கசக்குகிற மாதிரி கசக்குங்கள். மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் அதில் அம்மோனியம் இருக்கிறது. அம்மோனியம் உலோகம் இல்லை, ஆனாலும் அதுவும் ஒரு நேர்மின் அயனிதான். சுண்ணாம்பு பட்டவுடனே அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். சூப்பர் பாஸ்பேட்டில் நெடி வராது. யூரியாவிலும் இப்படி உடனே வராது, ஏனென்றால் யூரியாவின் தழைச்சத்து அம்மோனியமாக இருப்பதில்லை, மண்ணில் போன பிறகுதான் மாறுகிறது.

சளி பிடித்த மூக்கை நம்பாதவர்களுக்கு ஒரு வழி. வெள்ளைத் தாளில் மஞ்சள் குழம்பைத் தடவிக் காய வைத்து, ஈரமாக்கி, அந்தக் கலவைக்கு மேலே பிடியுங்கள். அம்மோனியா பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே சங்கதிதான். தாள் சுண்ணாம்பில் படக் கூடாது. பட்டால் சுண்ணாம்பே சிவக்க வைத்துவிடும்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் மலைத் தோட்டக்காரர்களுக்கும் மயில்துத்தம் பழக்கமான பொருள். பிரான்சில் போர்டோ என்ற ஊர்ப் பக்கம் திராட்சைக்கு அடித்து, 1885ல் மில்லார்டே என்ற பேராசிரியர் வெளியிட்ட போர்டோ கலவைதான் நாம் இன்றைக்கும் அடிக்கிறோம். ஒரு கிலோ மயில்துத்தம் 50 லிட்டரில், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு 50 லிட்டரில், இரண்டையும் சேர்த்தால் 100 லிட்டர். சுண்ணாம்பு பழசாகி வீரியம் குறைந்திருந்தால் செம்பு அயனி மிச்சமாக நின்று இலையைக் கருக்கிவிடும். அதனால் அடிப்பதற்கு முன் தீட்டிய கத்தியையோ அரிவாளையோ ஒரு நிமிஷம் கலவையில் முக்கி எடுத்துப் பாருங்கள். இரும்பின் மேல் செம்பு நிறத்தில் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். கத்தி பளபளப்பாகவே வந்தால் அடிக்கலாம். பெரியவர்கள் பலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். செம்பு அயனியைச் சோதிக்கிறோம் என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

மயில்துத்தத்திலேயே அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கலந்திருந்தால்? கடுக்காயைத் தட்டிக் கொதிக்க வைத்து இறுத்த தண்ணீரை அதன் கரைசலில் விட்டால் இரும்பு இருக்கிற அளவுக்கு மை மாதிரி கறுக்கும். அந்தக் காலத்து எழுத்து மையே இப்படிப்பட்ட சரக்குகளைச் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள். ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் பிளினி என்பவர், செம்புப் பச்சையில் இரும்பு உப்பு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க, மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய தாளில் தடவிப் பார், கறுத்தால் கலப்படம் என்று எழுதி வைத்திருக்கிறார். கலப்படம் அவ்வளவு பழசு, சோதனையும் அவ்வளவு பழசு. போர் தண்ணீருக்கும் இதே கடுக்காய்த் தண்ணீர் உதவும். இறைக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருந்தால் செந்நிறமாக மாறுகிற தண்ணீரில் இரும்பு இருக்கும். சொட்டு நீர்க் குழாய் போடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். குழாய்த் துளையை அடைப்பதில் அது பெரிய கில்லாடி.

பொட்டாஷில் சோற்றுப்பு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கத் தீயில் காட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். சோடியம் தீயில் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் இளம் ஊதாவாக எரியும் என்பது உண்மைதான். ஆனால் துளி சோடியம் இருந்தாலும் மஞ்சள் ஊதாவை மறைத்துவிடும். நல்ல பொட்டாஷிலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும். வியர்வைக் கை பட்டாலே மஞ்சள் எரியும். அதனால் இதை நம்பி யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

சண்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வீட்டில் செய்கிற சோதனை என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. படிகமான ஜிங்க் சல்பேட்டில் 21 சதம் துத்தநாகம் இருக்க வேண்டும். பதினைந்து சதம் இருந்தாலும் தம்ளரில் திரளத்தான் செய்யும். அளவைச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். உங்கள் சோதனையில் சந்தேகம் வந்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். மிச்ச உரத்தைத் தூவாமல் நிறுத்துங்கள். பையைப் பிரித்தபடியே, மேலே அச்சடித்தது அழியாமல் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ரசீதை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் போங்கள். 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உர ஆய்வாளர் கடையில் முறையாக மாதிரி எடுத்து அனுப்பினால்தான் நடவடிக்கைக்கு நிற்கும். பிரித்த பையில் நீங்கள் அள்ளிக் கொடுத்தது வழக்குக்கு நிற்காது. ரசீது வாங்காதவர்களுக்கு என்னால் ஒரு உபாயமும் சொல்ல முடியவில்லை. கடைக்காரரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னும் நல்லது, வாங்கிவந்த அன்றைக்கே சோதித்துவிடுவது. நடவு முடிந்து இலை பழுத்த பிறகு சோதித்தால் உண்மை தெரியும், போன நாள் வராது.

அந்தப் பெரியவர் கதையை முடிக்கவில்லையே. தூவி மண்ணில் சேர்க்கிற கட்டம் தாண்டிவிட்டதால், நல்ல ஜிங்க் சல்பேட் 500 கிராம், யூரியா ஒரு கிலோ, 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் இலை மேல் தெளிக்கச் சொன்னேன். 15 நாள் விட்டு இன்னொரு தடவை. பயிர் தேறியது. ஆனால் முதலில் குட்டையாகிப் போன திட்டுகளில் தூர் கட்டவே இல்லை, அறுப்பில் அந்த இடம் பதரும் கருக்காயுமாகத்தான் வந்தது. மறு வருஷம் உரம் வாங்கியதும் அவரே இரண்டு தம்ளரில் சோதித்துப் பார்த்துவிட்டு, திரண்டதை எனக்குக் காட்ட அப்படியே கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "சரியா இருக்குல்ல தம்பி?" என்றார். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்டுல கேக்குறா, இந்தத் தம்ளரைத் தேச்சுக் கழுவிட்டு மறுபடி அடுக்களையில சேத்துக்கலாமான்னு" என்று கேட்டார்.

சேர்க்கக் கூடாது. சோதனைக்கு எடுத்த தம்ளர், ஸ்பூன், குப்பி எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் தனியாக வைத்துவிடுங்கள். காஸ்டிக் சோடாவை மூடி இறுக்கி, பேர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.